இருக்கையும் படுக்கையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

"இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்" என்று நம்மவர் ஒரு பழமொழி சொல்வதுண்டு. கேட்பவனைக் கேலி செய்யும் பழமொழி அது. சிறுமியாக இருந்தபோது எங்கள் அப்பத்தாவின் முன்னால் அதை ஒருமுறை விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். அப்பத்தா சிரிக்கவில்லை. "படுக்க எடமில்லாதவன் கேக்காம வேற யாரு தாயி கேப்பா?" என்று திருப்பிக் கேட்டார். அன்று எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, நம் கல்லூரி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு பெஞ்சு செய்யப் புறப்பட்ட பிறகுதான் விளங்கியது.

அந்தப் பெஞ்சைப் பற்றித்தான் இக்கட்டுரை. பெஞ்சைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் வகுப்பில் நால்வர் சேர்ந்து ஒரு குழுவானோம். சூரிய ஒளியால் மின்சாரம் தரும் பொது இருக்கை ஒன்றைச் செய்வது என்று முடிவாயிற்று. பகலெல்லாம் தகடு வெயிலை வாங்கி மின்கலத்தில் சேர்க்கும். இரவில் விளக்கு எரியும், கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்துகொள்ளலாம். இதில் புதுமை ஏதுமில்லை. செர்பியா நாட்டில் ஒப்ரெனோவாட்ஸ் என்னும் சிற்றூரில் 2010 ஆம் ஆண்டிலேயே இளைஞர் சிலர் கைப்பேசிக்கு மின்னூட்டம் தரும் "சூரிய மரம்" ஒன்றை நட்டுவிட்டார்கள். 2014 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பூங்காக்களில் சூரிய பெஞ்சுகள் வந்தன. நல்லவைதாம். ஆனால் அவையெல்லாம் யாருக்காக? மாலையில் பூங்காவுக்கு வந்து அரைமணி நேரம் அமர்ந்து, கைப்பேசியைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போகிறவருக்காக. போவதற்கு வீடு உள்ளவருக்காக.

எங்கள் வழிகாட்டி ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதை எங்கே வைப்பீர்கள்? யார் உட்காருவார்கள்?" பேருந்து நிலையத்தில் வைப்போம் என்றோம். "இரவு பதினொரு மணிக்கு மேல் பேருந்து நிலையத்தில் யார் இருப்பார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். பெண் பிள்ளைகள் பதினொரு மணிக்குப் பேருந்து நிலையத்துக்குப் போக வீட்டில் விடுவார்களா? அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன்.

எந்த ஊர்ப் பேருந்து நிலையம் என்று சொல்லப் போவதில்லை. நம் பள்ளத்தாக்கில் உள்ளதுதான். அங்கே அன்றிரவு இருபத்து மூவர் படுத்திருந்ததை எண்ணினேன். காலை மூன்று மணி ஜீப்புக்கு ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுவதற்காக முன்னிரவே வந்து படுத்துவிட்ட பெண்கள் சிலர். வட மாநிலத்து இளைஞர் நால்வர். மூட்டைகளுக்கு நடுவே ஒரு முதியவர். தனக்குத்தானே பேசிக்கொண்டே நடந்த ஒரு பெண்மணி. எவரும் பெஞ்சில் படுத்திருக்கவில்லை, எல்லோரும் தரையில்தான். ஏனென்று பார்த்தால், பெஞ்சுகளில் இரண்டடிக்கு ஒரு இரும்புக் கம்பி வளைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. கை வைத்துக்கொள்வதற்கு என்று நான் நினைத்தேன். அப்பா சிரித்தார். "கை வைக்கிறதுக்கு இல்லம்மா. கால் நீட்டாம இருக்கிறதுக்கு" என்றார்.

இந்தக் கம்பியும் நம் கண்டுபிடிப்பு அன்று. இலண்டனில் கேம்டன் என்னும் நகரப் பகுதியின் ஆட்சி மன்றத்துக்காக 2012 ஆம் ஆண்டு ஒரு கான்கிரீட் பெஞ்சு செய்தார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சரியும். அமரலாம், படுக்க முடியாது. படுக்க முடியாமல் செய்வதற்கென்றே அறிஞர்கள் அமர்ந்து கோணங்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள்! அறிவு எதற்கெல்லாம் பயன்படுகிறது பாருங்கள். நம் ஊரில் அத்தனை கணக்கு இல்லை, ஒரு கம்பியும் ஒரு வெல்டிங் பட்டறையும் போதும்.

அன்று திரும்பி வரும் வழியில்தான் அப்பா அதைச் சொன்னார். இருபது வருடமாக என்னிடம் சொல்லாத செய்தி.

எங்கள் அய்யாவும் அப்பத்தாவும் இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். தோட்டத்தில் கொடுக்கும் வீட்டுக்கு லயம் என்று பெயர். வேலை இருக்கும்வரைதான் லயம். வேலை முடிந்தால் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். ஓய்வு பெற்றாலும் அப்படித்தான், நோய் வந்து நின்றாலும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக மலையிலேயே பிறந்து மலையிலேயே உழைத்தவருக்குச் சமவெளியில் ஒரு சென்டு நிலம் இருக்காது. 1992 ஆம் ஆண்டு அய்யாவுக்கு நெஞ்சு நோய் கண்டு வேலையை விட்டார். இரண்டு தகரப் பெட்டியும் ஒரு பாயுமாக மூவரும் பள்ளத்தாக்குக்கு இறங்கினார்கள். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு திராட்சைத் தோட்டத்தில் காவல் வேலையும் குடிசையும் கிடைக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் அவர்கள் இருந்த இடம், நான் இருபத்து மூவரை எண்ணிவிட்டு வந்தேனே, அதே பேருந்து நிலையம்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கண்காட்சிக்கு எதைச் செய்யலாம் என்று நூலகத்தில் நான்கு நாள் தேடினேன். கேட்க வேண்டிய இரண்டு பேர் என் வீட்டிலேயே இருந்தார்கள்.

மறுநாள் எங்கள் வரைபடத்தை அப்பத்தாவின் முன்னால் விரித்தேன். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் படத்தை ஒரு பேராசிரியரைப் போலத் திருத்தினார். செல்போனைச் சொருகும் துளை பெஞ்சின் பக்கவாட்டில் இருந்தது. "சொருகிட்டுத் தூங்குனா காலையில செல்லும் இருக்காது, வயரும் இருக்காது" என்றார். ஆகவே தலைமாட்டில் ஒரு பெட்டி வைத்தோம். துளை பெட்டிக்கு உள்ளே, பெட்டியின் மூடி தலைக்குக் கீழே. தலையைத் தூக்காமல் திறக்க முடியாது. பையும் செருப்பும் அதற்குள்ளேயே போய்விடும். செருப்புக்கு இடம் வேண்டும் என்பது எங்கள் நால்வர் மூளைக்கும் எட்டியிருக்கவில்லை. வெறுங்காலோடு விடியும் காலையில் எவனும் வேலைக்குச் சேர்க்கமாட்டான் என்று அப்பா சொன்னார்.

விளக்கில்தான் சண்டை வந்தது. இரவு முழுதும் முகத்துக்கு நேரே விளக்கு எரிந்தால் தூக்கம் வராது என்பது அப்பாவின் கட்சி. அந்த ஒரு மாதமும் டியூப் லைட்டுக்குக் கீழே துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்த நினைவு அவருக்கு. அப்பத்தா விடவில்லை. "உனக்கென்னடா, நீ தூங்குன. நான் ஒரு நாளு தூங்குனேனா? வெளிச்சம் இருந்ததாலதான் தப்பிச்சேன்" என்றார். அப்பா அதற்கு மேல் பேசவில்லை. நானும் எதிலிருந்து தப்பித்தார் என்று கேட்கவில்லை. வெளியில் படுக்கும் ஆணுக்கு வெளிச்சம் தொல்லை. வெளியில் படுக்கும் பெண்ணுக்கு வெளிச்சம்தான் கதவு, அதுதான் தாழ்ப்பாள். இதை எந்த இயற்பியல் நூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கடைசியில் விளக்கைக் கால்மாட்டுக்குக் கொண்டுபோனோம். ஒளி தரையிலும் நடைபாதையிலும் விழும், முகத்தில் விழாது, நெருங்கி வருபவரின் கால் தெரியும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திருகு, படுத்திருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில்.

உயரம் ஒன்றரை அடி என்று வைத்திருந்தோம். நாய்க்கும் மழைத்தண்ணீருக்கும் அது சரி, பிள்ளையோடு படுப்பவளுக்குச் சரியில்லை என்றார் அப்பத்தா. உருண்டு விழாமல் இருக்க விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு வரப்பு வைத்தோம். அகலம் இரண்டரை அடி, நீளம் ஆறடி. கம்பி இல்லை.

இனி கொஞ்சம் கணக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள், இயற்பியல் மாணவி கணக்கைச் சொல்லாமல் விடமாட்டாள். காற்று மண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீட்டருக்குச் சூரியன் தரும் ஆற்றல் ஏறத்தாழ 1361 வாட். தெளிந்த நாளின் உச்சி வெயிலில் தரைக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 1000 வாட். இப்போது கடைகளில் கிடைக்கும் நல்ல தகடுகள் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகின்றன. 1954 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகப் பயன்படும்படியான சிலிக்கன் மின்கலம் செய்தபோது நூற்றுக்கு ஆறுதான் தேறியது. எங்கள் தகடு 50 வாட். மூன்றரைச் சதுர அடிதான் இருக்கும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று கொண்டால் 250 வாட் மணி. சூட்டிலும் தூசியிலும் கம்பியிலும் மின்கலத்திலும் போவது போக, கைக்கு 175 மிஞ்சும். மூன்று வாட் விளக்கு பன்னிரண்டு மணி நேரம் எரிய 36. பத்து வாட் சிறு மின்விசிறி எட்டு மணி நேரம் சுழல 80. விசிறி காற்றுக்காக மட்டுமன்று, கொசுவுக்காக. பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசி ஒன்றுக்கு இழப்பெல்லாம் சேர்த்து ஐந்து வாட் மணி போதும். ஐந்து பேருக்கு 25. தொடுதிரைக் கைப்பேசி ஒன்றுக்கு இன்னொரு 25. ஆக 166. ஒரு பெஞ்சின் கணக்கு முடிந்தது.

அந்த ஐந்து வாட் மணியை நண்பர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப்பில் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறோம். ஆண்டிப்பட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் வானத்தைத் தொட்டு நிற்கின்றன. மேற்கே ஓடிய பெரியாற்று நீரை 1895 ஆம் ஆண்டு அணை கட்டிக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக்கின் படம் இல்லாத வீடு இங்கே குறைவு. தேனிப் பேருந்து நிலையத்துக்கே அவர் பெயர்தான். இத்தனை பொறியியல் நடந்த மண்ணில், நாளை வேலை உண்டா இல்லையா என்று மேஸ்திரியிடம் கேட்பதற்கு ஐந்து வாட் மணி மின்சாரம் இல்லாமல் ஒரு மனிதன் தேநீர்க் கடைக்காரரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறான். ஒரு முறை சொருக ஐந்து ரூபாயிலிருந்து பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாய்க்கு நம் வீட்டில் ஒரு யூனிட் மின்சாரம் வந்துவிடும். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட் மணி. இந்த விலையில் இருநூறு கைப்பேசிகளுக்கு ஏற்றலாம்!

தகட்டை எப்படி வைப்பது என்பதும் இடத்தைப் பொறுத்தது. தேனி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பத்துப் பாகையில் இருக்கிறது. ஆகவே தெற்கு நோக்கிப் பத்துப் பாகை சாய்வு. நூலில் உள்ளது இவ்வளவுதான். ஆனால் நூல் எழுதியவர் கம்பத்தையும் கூடலூரையும் பார்த்ததில்லை. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. காலைச் சூரியன் மலைக்கு மேலே ஏறி வரத் தாமதம். மாலைச் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் போய்விடும். ஆனி ஆடியில் சாரலும் மேகமும் வேறு. ஐந்து மணி நேர வெயில் தேனியில் சரியாக இருக்கலாம், மலையடிவாரத்தில் குறையும். அதனால்தான் மின்கலத்தை இரண்டு இரவுக்குத் தாங்கும்படி வாங்கினோம். பெஞ்சுக்கு மேற்குப் பக்கம் ஒரு மறைப்பும் வைத்தோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வெளியில் படுத்தவருக்கு மழையைவிடக் காற்றுதான் பகை என்பது அப்பத்தாவின் தீர்ப்பு. மழை வந்தால் கூரைக்கு ஓடலாம். காற்று கூரைக்கும் வரும்.

உலகத்தில் யாரேனும் இதைச் செய்திருக்கிறார்களா என்று பிறகு தேடினேன். ஜெர்மனியில் உல்ம் என்னும் நகரில் 2020 ஆம் ஆண்டு சனவரியில் மரத்தாலும் எஃகாலும் ஆன சிறு படுக்கைக் கூண்டுகளைத் தெருவில் வைத்தார்கள். "உல்மின் கூடு" என்று பெயர். இருவர் படுக்கலாம். மேலே சூரியத் தகடு. உள்ளே குளிரும் ஈரமும் புகாது, நல்ல காற்று வரும். கதவு திறந்தால் ஊழியர்களுக்குச் செய்தி போகும், அவர்கள் மறுநாள் வந்து பார்த்துத் துப்புரவு செய்வார்கள். படம் பிடிக்கும் கருவி கிடையாது. அது இல்லை என்பதைப் படித்தபோது அந்தப் பொறியாளர்கள் மீது எனக்கு மரியாதை உண்டாயிற்று. உல்ம் என்றதும் இயற்பியல் மாணவருக்கு இன்னொன்று நினைவு வரும். ஐன்ஸ்டைன் 1879 ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது. ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் வெளியேறுவதற்கு 1905 ஆம் ஆண்டு அவர் சொன்ன விளக்கத்துக்காகத்தான் நோபெல் பரிசு கிடைத்தது. சூரியத் தகட்டில் நடப்பது அதுவே அன்று, அதன் உறவினர் என்று சொல்லலாம். பலர் இரண்டையும் ஒன்றென்று எழுதுகிறார்கள். தேர்வில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

அந்தக் கூட்டை அப்படியே கொண்டுவந்து இங்கே வைக்க முடியாது. அங்கே குளிர் கொல்லும், இங்கே சித்திரை வெயிலில் மூடிய பெட்டி அடுப்பாகிவிடும். நமக்குக் கூடு வேண்டாம், திண்ணை போதும். திண்ணை என்பது என்ன? வழிப்போக்கனுக்கென்று வீட்டுக்காரர் வெளியே விட்ட இடம். நம் சாலையோரங்களில் இன்றும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. தலைச்சுமையோடு வருபவர், பிறர் உதவியில்லாமல் இறக்கி வைத்து, பிறர் உதவியில்லாமல் ஏற்றிக்கொள்ளும் உயரத்தில் நட்டிருப்பார்கள். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம். தெருவில் வைக்கும் பொருளைச் சுமப்பவரின் தோளை அளந்து செய்திருக்கிறார்கள் நம் முன்னோர். மணிமேகலையில் வரும் உலக அறவி, காவிரிப்பூம்பட்டினத்தில் ஆதரவற்றோர் வந்து தங்கிய பொது அம்பலம். மதுரைத் தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம். பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. எத்தனையோ சத்திரங்களில் சாதி கேட்டுத்தான் இலை போட்டார்கள். ஆயினும் இரவில் படுக்க ஓர் இடம் தருவது ஊரின் கடமை என்ற எண்ணம் இருந்தது. இன்று கம்பியைப் பற்றவைப்பது ஊரின் கடமையாகிவிட்டது.

அந்த எண்ணம் முற்றிலும் போய்விட்டதா என்றால், இல்லை. கார்த்திகை பிறந்ததும் பாருங்கள். தேனி, கம்பம், குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் பக்தர் கூட்டம் இரவில் தங்காத இடமுண்டா? பெட்ரோல் பங்கு வாசலில், கடைத் தாழ்வாரத்தில், கோயில் மண்டபத்தில், சாலையோர மரத்தடியில். யாரும் விரட்டுவதில்லை. "சாமி, இங்க படுங்க" என்று பாய் விரித்துக் கொடுக்கிறார்கள், சுக்குக் காப்பி கொடுக்கிறார்கள். நல்ல மனம்தான், நானும் எங்கள் தெருவில் காப்பி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். தை பிறந்து மகரவிளக்கு முடிந்ததும் அதே தாழ்வாரத்தில் ஒரு கிழவர் படுத்தால் வாளித் தண்ணீர் வந்து விழுகிறது. தாழ்வாரம் அதேதான், தரையும் அதேதான். படுத்திருப்பவரின் வேட்டியின் நிறம்தான் மாறியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985 ஆம் ஆண்டு, பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றது. அதே தீர்ப்பில், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது என்பதை மறைக்கக் கூடாது. 2010 ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் நகரங்களில் இலட்சம் பேருக்கு ஒன்று என்று இரவுக் காப்பகம் வேண்டும் என்றது. 2013 ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டது. இலட்சத்துக்கு ஒன்று! 2011 ஆம் ஆண்டுக் கணக்கில் கம்பமும் போடியும் இலட்சத்தைத் தொடவில்லை, தேனி அல்லிநகரம்கூடத் தொடவில்லை. மாவட்டத் தலைநகருக்காவது தனிச் சலுகை இருந்தது. மற்ற ஊர்களில் தெருவில் படுப்பவர், ஊரில் இன்னும் சில ஆயிரம் பேர் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது போலும். அந்தக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 இலட்சம். 2011 பிப்ரவரி 28 ஆம் நாள் ஓர் இரவில் கண்ணில் பட்டவரை எண்ணிய கணக்கு அது. அப்பாவும் அய்யாவும் அப்பத்தாவும் இருந்தது போல ஒரு மாதம் மட்டும் தெருவில் இருந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பொருளாதாரம் படிக்கும் என் தோழி ஒருத்தி கடுமையாக எதிர்த்தாள். "வீடு கொடு என்று கேள். பெஞ்சைக் கொடுத்து அவர்களைத் தெருவிலேயே நிலைக்க வைக்கப் பார்க்கிறாயா?" என்றாள். இரண்டு நாள் எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொல்வது உண்மை. வீட்டையும் சூரியனையும் சேர்த்து நினைக்க நம் அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2011 ஆம் ஆண்டு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு சூரிய விளக்குகளும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் அதற்குச் சொந்தமாக நிலப் பட்டா வேண்டியிருந்தது. லயத்திலிருந்து இறங்கியவரிடம் பட்டா எங்கே இருக்கும்? பட்டா கேட்டுப் போராட வேண்டும், நானும் வருகிறேன். அதுவரை உள்ள இரவுகளை என்ன செய்வது? எங்கள் அய்யாவுக்குக் குடிசை கிடைத்தது. கிடைப்பதற்கு முன் முப்பது நாற்பது இரவுகள் இருந்தன அல்லவா? அந்த நாற்பது இரவுகளுக்காகத்தான் இந்தப் பெஞ்சு. ஆனாலும் தோழியின் அச்சம் எனக்கும் உண்டு. பெஞ்சை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, காப்பகம் கட்ட வேண்டிய பணத்தை முடித்து வைத்துவிடுவார்களோ என்ற அச்சம். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

கடைக்காரர்கள் தரப்பையும் கேட்டேன். காலையில் கடை திறக்க வந்தால் வாசலில் சிறுநீர் நாற்றம், யார் கழுவுவது என்றார் ஒருவர். அவர் கேட்டதில் தவறில்லை. கட்டணக் கழிப்பறை இரவு பூட்டிக் கிடந்தால் மனிதன் எங்கே போவான்? ஆகவே இரவில் திறந்திருக்கும் கழிப்பறை இல்லாத இடத்தில் இந்தப் பெஞ்சை வைக்காதீர்கள் என்றே சொல்வேன். விளக்கும் விசிறியும் வைத்துவிட்டு இதை விட்டுவிட்டால் அப்பத்தாவிடம் நாம்தான் பேச்சு வாங்க வேண்டும்.

இன்னொன்று பழுது. எங்கள் ஊரில் சூரியத் தெருவிளக்குகள் நட்டார்கள். இரண்டு வருடம் எரிந்தன. பிறகு மின்கலம் செத்தது, சிலவற்றில் மின்கலமே காணாமற் போனது. கம்பம் மட்டும் நிற்கிறது, ஆடு கட்ட உதவுகிறது. தகட்டைக் கழுவ வாரம் ஒரு வாளித் தண்ணீரும், மின்கலத்தைப் பார்க்க மாதம் ஒரு ஆளும் வேண்டும். அந்த ஆளாக, அங்கே படுப்பவரில் ஒருவருக்கே சம்பளம் கொடுத்து வைக்கலாம் என்பது என் கருத்து. தன் தலைக்குக் கீழே இருக்கும் மின்கலத்தை யார் திருட விடுவார்?

கண்காட்சியில் எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதற் பரிசு, கைதட்டினால் தண்ணீர் ஊற்றும் ஒரு பூந்தொட்டிக்கு. பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியவர், "நல்லா இருக்கு. நடுவுல ஒரு கைப்பிடி வச்சா இன்னும் வசதியா இருக்குமே" என்று யோசனை சொன்னார். அப்பத்தாவை அழைத்து வந்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, மூடியைப் போட்டு, அதன்மேல் தலையை வைத்து, எல்லோர் முன்னாலும் கால் நீட்டிப் படுத்துப் பார்த்தார். விசிறியைப் போட்டேன். சிறிது நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு எழுந்தார். "ரெண்டு வேணும் தாயி. பக்கத்துல பக்கத்துல. ஒத்தையில எந்தப் பொம்பள படுப்பா?" என்றார்.

இரண்டாவது பெஞ்சுக்கு இன்னும் பணம் சேரவில்லை. முதற் பெஞ்சைப் பேருந்து நிலையத்தில் வைக்க அனுமதி கேட்டுத் துறையின் வழியாக மனு கொடுத்திருக்கிறோம். மூன்று மாதமாகிறது. இப்போதைக்கு அது இயற்பியல் துறையின் பின் தாழ்வாரத்தில் இருக்கிறது. இரவுக் காவலர் அதில்தான் படுக்கிறார். விசிறியின் கம்பி தளர்ந்துவிட்டது என்று போன வாரம் சொன்னார். சனிக்கிழமை பற்றவைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.